மழையில் நிற்காதவர்

நின்றுபோன கைக்கடிகாரத்தைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓர் ஆள் வந்து நின்றபோது, கூலிங் அண்ணன் கம்ப்ரஸரின் செம்புக் குழாயைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் நெருப்பு, மறு கையில் கம்பி. தலையை நிமிர்த்தாமலே, "வாட்ச் கடை அடுத்த தெருவுல," என்றார். வந்தவர் நகரவில்லை. சுற்றிலும் பார்த்தார். கதவு கழற்றிய ஃப்ரிட்ஜ்கள், முதுகைக் காட்டி நிற்கும் ஃப்ரிட்ஜ்கள், வாயைப் பிளந்துகொண்டு மல்லாந்து கிடக்கும் ஒன்று. தான் எதிர்பார்த்து வந்த இடம் இதுவல்ல என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் இலக்கிய வாசகர் லேசில் மனம் தளர்கிறவர் அல்ல. தொண்டையைச் செருமிக்கொண்டு, தான் ஒரு கல்லூரிப் பேராசிரியர் என்று சொல்லி, எழுத்தாளருடைய அண்ணன் நீங்கள்தானே என்று கேட்டார். ஆமாம் என்றதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மக உள்ள ஆபரேஷன்ல இருந்தப்போ ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளிய நாள் பூரா மழையில நின்னீங்களே... அந்தப் பக்கத்தை என்னால தாண்டவே முடியலைங்க."

கூலிங் அண்ணன் நெருப்பை அணைத்தார்.

"யாரு நின்னது?"

"நீங்கதான்," என்றார் பேராசிரியர், நினைவு தப்பிய நோயாளிக்கு அவர் பெயரையே எடுத்துச் சொல்கிற பரிவோடு.

கூலிங் என்பது ஊர் வைத்த பெயர். செய்யும் தொழிலைப் பார்த்து வைத்தார்களே தவிர ஆளைப் பார்த்து வைக்கவில்லை. ஆளைப் பார்த்திருந்தால் அடுப்பு, கொள்ளி என்று ஏதாவது வைத்திருப்பார்கள். கோபம் வந்தால் வாயில் என்ன வருகிறது என்பது அவருக்கே பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லித்தான் தெரியும். தம்பி இதற்கு நேர் எதிர். வீட்டில் அவன் சின்னவன். வெளியே, நவீன வாழ்வின் உள்மௌனங்களை அகழ்ந்தெடுப்பவர் என்று பத்திரிகைகள் எழுதுகிற பெரிய எழுத்தாளர். எந்தப் புகைப்படத்திலும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, பல்வலிக்காரன் மருத்துவர் கூப்பிடுவதற்குக் காத்திருப்பது போல இருப்பான். அவனுடைய புதிய சிறுகதைத் தொகுப்பு 'பல்சக்கரத்தில் ஒரு மழைத்துளி' அந்த வருடத்தின் பெரிய பரிசை வாங்கியிருந்தது. அதன் கடைசிக் கதையில்தான் கூலிங் அண்ணன் மழையில் நின்றிருக்கிறார்.

பேராசிரியரை டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டுத் தம்பிக்கு ஃபோன் போட்டார்.

"ஏன்டா, என்னை வாட்ச் ரிப்பேர்காரன் ஆக்கிட்டியாமே?"

அது நீ இல்லை அண்ணா, அது ஒரு படிமம் என்றான் சின்னவன். அனுபவம் என்பது மூலப்பொருள்தான் என்றும், எழுதுகிறவனுடைய அகத்தீயில் அது உருகி வேறொன்றாகிறது என்றும், பரிசு விழாவில் பேசப்போவதை ஒருமுறை ஒத்திகை பார்த்துக்கொண்டான்.

"படிமத்தைப் பாக்க கடைக்கு ஆள் வருதுடா. ஃப்ரிட்ஜுன்னே எழுதியிருந்தா என்ன?"

"ஃப்ரிட்ஜ் இலக்கியத்துல நிக்காதுண்ணா."

"ஏன் நிக்காது? அதுக்கு நாலு கால் இருக்கே."

மறுமுனையில் உள்மௌனம். பிறகு சின்னவன் பொறுமையாக விளக்கினான். கடிகாரம் என்றால் காலம், நிலையாமை, மரணம். ஃப்ரிட்ஜ் என்றால் என்ன, நேற்று மீந்த சாப்பாடு. கூலிங் அண்ணனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மழையைப் பற்றிக் கேட்கத்தான் ஃபோன் போட்டார். கேட்காமலே வைத்துவிட்டார்.

புத்தகம் வீட்டில்தான் இருந்தது. ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேஜையின் குட்டைக் காலுக்கு அது மிகச் சரியான கனம் என்று ஒரு மாதத்துக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அதை உருவி எடுத்துக் கடைக்குக் கொண்டுபோய், கதவு கழற்றிய பெரிய ஃப்ரிட்ஜ் ஒன்றின் மறைவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து படித்தார். முதல் மூன்று பக்கத்துக்கு ஒரு கடிகாரம் நின்றுபோயே இருந்தது. அதற்குப் பிறகு மௌனத்தையே மொழியாகக் கொண்ட ஒரு மனிதர் வந்தார். அது தான்தான் என்று புரிந்துகொள்ளக் கூலிங் அண்ணனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த மனிதருக்கு ஒரு மகள். அவள் அப்பாவிடம் பேச்சை விட்டுப் பிரிந்து போய்விடுகிறாள், நோயில் விழுகிறாள், ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே அப்பா நிற்கிறார். கையில் டிபன் கேரியர். உள்ளே போகக் கால் வரவில்லை, திரும்பிப் போகவும் வரவில்லை. மழை கேரியரின் மூடியில் விழுந்து சத்தம் கேட்கிறது. காவல்காரர் குடையை நீட்டுகிறார். அவர் வாங்க மறுக்கிறார்.

இந்த இடத்தைக் கூலிங் அண்ணன் இரண்டாம் முறையும் படித்தார். அந்த ஆள்மேல் அவருக்கு ஒரு மரியாதை வந்தது. அடுத்த நிமிஷமே, தான் அந்த ஆள் இல்லை என்ற நினைப்பு, கரண்ட் அடித்த மாதிரி வந்தது.

நடந்தது இதுதான். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்த நேரமெல்லாம் கடையில்தான் வளர்ந்தாள். அவர் ஸ்க்ரூ கழற்றினால் கேட்காமலே உள்ளங்கையை நீட்டுவாள்; கழற்றியதை அதில் போட்டுக்கொண்டே வருவார்; பூட்டும்போது எது எந்த ஓட்டைக்கு என்று அவளே எடுத்துக் கொடுப்பாள். குளிர்சாதனத் தொழிலை முறையாகப் படித்துவிட்டு வந்து கூடவே வேலை பார்த்தாள். ஒரு நாள், அவசரத்தில், ஃப்ரீசரில் கல்லாய் இறுகிக் கிடந்த ஐஸை ஸ்க்ரூ டிரைவரால் குத்திச் சுரண்டினாள். இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே அதைச் செய்யாதே என்பதுதான். முனை, குளிர்வாயு ஓடும் காயிலில் இறங்கியது. உஸ்ஸென்று கேஸ் முழுவதும் போனது. ஃப்ரிட்ஜுக்குச் சொந்தக்காரர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கூலிங் அண்ணன் வாயில் வந்தது, "உனக்குப் பதிலா ஒரு ஃப்ரிட்ஜ் கதவை வேலைக்கு வெச்சிருக்கலாம்." ஃப்ரிட்ஜ்காரர் சிரித்துவிட்டார். திட்டியதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். அந்தச் சிரிப்புக்கு அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்ததைத்தான் பொறுக்கவில்லை. அடுத்த மாதம் ஒரு கம்பெனி சர்வீஸ் சென்டரில் சேர்ந்தாள். போர்டு மாத்தத் தெரிஞ்சா போதும் அங்கே, மூளை வேண்டாம் என்று இவர் ஊரெல்லாம் சொன்னார். ஊரெல்லாம் சொன்னது அவள் காதுக்கும் போனது. தனி வீடு பார்த்துப் போய்விட்டாள்.

அதற்கு அடுத்த வருடம் அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன். மனைவி கூடப் போய் இருந்தாள். இவர் போகவில்லை. போகவில்லை என்றால் போகவில்லைதான். பாதி வழி போய்த் திரும்பவும் இல்லை, தெருமுனையில் நின்று தயங்கவும் இல்லை. கடையில் இருந்தார். மனைவி வீடு திரும்பியதும், "சாப்பிட்டாளா?" என்று ஒரு வார்த்தை கேட்டார். "உங்களுக்கு ஏங்க இப்ப அது?" என்றாள் அவள். அதோடு சரி. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி மார்க்கெட்டுக்கு என்று சொல்லிப் போய்விட்டுச் சாயங்காலம் வெறும் பையோடு திரும்புவாள். காய்கறி எங்கே என்று இவர் இதுவரை கேட்டதில்லை.

இப்போது, செய்யாமல் விட்ட ஒரு காரியத்தைச் செய்ததாக ஒரு சாட்சி கிளம்பியிருக்கிறது. அதுவும் பரிசு வாங்கிய சாட்சி.

பரிசு விழாவுக்குக் குடும்பத்தோடு வரவேண்டும் என்று சின்னவன் சொல்லியிருந்தான். கூலிங் அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையோடு முன்வரிசையில் உட்கார்ந்தார். மேடையில் பேசியவர்கள் ஆளுக்கு ஒரு ஜோல்னாப் பை, ஆளுக்கு அரைமணி நேரம். ஒருவர் அந்தக் கேட்டை இரு உலகங்களின் விளிம்பு என்றார். இன்னொருவர் அதை மறுத்து, டிபன் கேரியர்தான் கதையின் மையம், அதன் நான்கு அடுக்குகளும் மனித மனத்தின் நான்கு அடுக்குகள் என்றார். கேரியருக்குள் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கடைசியாக அந்தப் பேராசிரியர் எழுந்தார். கதையில் வரும் மனிதர் கற்பனை இல்லை, இதோ நம் நடுவில் இருக்கிறார் என்று முன்வரிசையைக் கைகாட்டினார். அரங்கமே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்தவர் தோளைத் தட்டி எழுப்பிவிட்டார். கூலிங் அண்ணன் எழுந்தார். கைதட்டல் என்றால் கைதட்டல், மழை மாதிரி. அவருக்கு அப்படி யாரும் கைதட்டியதில்லை. கைகளைக் கூப்பினார். ஒருமுறை அல்ல, வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, பிறகு பின்பக்கம் பார்த்தும் ஒன்று. பின்பக்கம் கூப்பும்போதுதான் கடைசி வரிசையில், கம்பெனியின் நீலச் சட்டையோடு, வேலையிலிருந்து நேராக வந்த தோற்றத்தில் மகள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். எல்லாரும் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் கைகளை மடியில் வைத்திருந்தாள்.

கூப்பிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்தார். "அவளை நீ வரச் சொன்னியா?" என்று மனைவியிடம் குனிந்து கேட்டார். "சித்தப்பாவுக்குப் பரிசு. வரக் கூடாதா?" என்றாள் மனைவி, மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல். கூட்டம் முடிந்து அவர் திரும்பியபோது கடைசி வரிசை காலியாக இருந்தது.

சின்னவனைக் கழுத்து மாலையோடு ஓரம் கட்டினார். ஏன்டா இப்படி இல்லாததை எழுதினே என்று கேட்டார். படிமம் என்று ஆரம்பிக்கப் போகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். அவன் ஆரம்பிக்கவில்லை. கன்னத்தில் கை வைக்கவும் இல்லை.

"நீ போகலையாண்ணா?" என்றான். "நான் நீ போயிருப்பேன்னு நெனச்சுதான் எழுதினேன்."

"எப்படிடா நெனச்ச?"

"எனக்குப் பரீட்சை நடந்தப்போ நீ நின்னியே. கேட்டுக்கு வெளிய, மழையில. கேரியரோட."

நின்றது உண்மைதான். அப்போது சின்னவனுக்குக் காய்ச்சல். எழுதும்போது மயங்கி விழுந்துவிடுவானோ என்று இவருக்குப் பயம். அதை மறந்தேபோயிருந்தார். தம்பிக்கு நின்றவன் மகளுக்கு நிற்கவில்லை என்பது இப்போதுதான், இந்த மாலையும் சால்வையுமான கூட்டத்தின் நடுவில், கணக்குத் தீராமல் முன்னால் வந்து நின்றது. சின்னவனுடைய மாலையிலிருந்து ஒரு பூ உதிர்ந்து அவர் சட்டையில் ஒட்டிக்கொண்டது. அதைத் தட்டிவிடக்கூடத் தோன்றவில்லை.

மறுநாள் காலை கடையைத் திறந்து விளக்கு போட்டதும் ஃபோன் வந்தது. மனப்பாடமாய்த் தெரிந்த எண். இத்தனை வருடத்தில் வராத எண்.

"ஃப்ரிட்ஜ் கூலிங் வரல," என்றாள் மகள். "வந்து பாக்க முடியுமா?"

ஒரு நாளைக்கு ஊர் ஃப்ரிட்ஜையெல்லாம் பிரித்து மாட்டுகிறவள், சர்வீஸ் சென்டரே தலைமேல் வைத்துக் கொண்டாடுகிற மெக்கானிக், தன் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு அப்பாவைக் கூப்பிடுகிறாள். இதில் ஏதோ இருக்கிறது. நேற்று கைகூப்பியதற்கு இன்று பூசை இருக்கிறது. "லைட் எரியுதா?" என்று கேட்டார். வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி அது. "எரியுது," என்றாள் அவள். "வர்றேன்," என்றார்.

போகிற வழியெல்லாம் பதில் தயார் செய்துகொண்டே போனார். வந்தேன் என்று சொல்லிவிட்டால் என்ன? எழுத்தில் இருக்கிறது, அச்சில் இருக்கிறது, பேராசிரியர் அழுதிருக்கிறார். நான் வந்தேன் பாப்பா, உள்ளே வரத் தைரியம் இல்லை, அவ்வளவுதான். ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியில் இத்தனை வருடமும் கரைந்து ஓடிவிடும். சிக்னலில் நின்றபோது அதை உதட்டளவில் ஒருமுறை சொல்லியும் பார்த்தார். அவருக்கே நம்பும்படியாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

அவள் குடியிருந்தது மாடியில் இரண்டு அறை. கதவைத் திறந்து, "வாங்க," என்று மட்டும் சொன்னாள். மெலிந்திருந்தாள். சமையலறை, இவர் கடையை விடச் சுத்தம். சுவரில் ஆணியடித்து, ஸ்பேனர்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையாக மாட்டியிருந்தாள். அது இவருடைய பழக்கம். ஃப்ரிட்ஜிலிருந்த பால், முட்டை, தக்காளி எல்லாம் மேஜைமேல் எடுத்து வைக்கப்பட்டிருந்தன. பையைக் கீழே வைத்தார். பின்பக்கம் கையை விட்டுக் கம்ப்ரஸரைத் தொட்டார். ஜில்லென்று கிடந்தது. ஓடவே இல்லை. பிளக்கைப் பார்த்தார், சரி. முன்பக்கம் வந்து கதவைத் திறந்தார். விளக்கு எரிந்தது. பழக்கத்தில் கை தானாக உள்ளே மேல்மூலைக்கு, குளிரைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குப் போனது.

குமிழ் பூஜ்யத்தில் இருந்தது.

பூஜ்யத்தில் வைத்தால் ஃப்ரிட்ஜ் ஓடாது. இது மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த ரகசியம் இல்லை. ஃப்ரிட்ஜ் வைத்திருக்கும் யாருக்கும் தெரியும். அவர் விரல் குமிழின் மேலேயே இருந்தது. திருப்பினால் ஒரு டக், அப்புறம் உறுமல், வேலை முடிந்தது; பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். பின்னால் அவள் மூச்சு விடுவது கேட்டது. அவர் விரலை எடுத்தார். பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, குமிழின் பிளாஸ்டிக் மூடியைப் பொறுமையாகக் கழற்ற ஆரம்பித்தார்.

அவள் டார்ச்சை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்து வெளிச்சம் காட்டினாள்.

"நேத்து எல்லாரும் தட்டினாங்களே. நல்லா இருந்துச்சா?"

வழியெல்லாம் தயார் செய்த வரி வாய் வரைக்கும் வந்தது. நாக்கு முனையில் நின்றது. ஸ்க்ரூ டிரைவரைத் திருப்புவதை நிறுத்தினார்.

"நான் வரல பாப்பா."

"தெரியும். அந்த ஆஸ்பத்திரி மாடியில இருக்கு. கீழ செருப்புக் கடை. கேட்டே கிடையாது." கொஞ்சம் நிறுத்தி, "வந்திருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்," என்றாள்.

டார்ச் வெளிச்சம் அசையாமல் அவர் கைமேல் இருந்தது. எழுந்து போகச் சொல்லவில்லை. வேறு ஏதோ எதிர்பார்த்துக் காத்திருக்கிறாள் என்று தோன்றியது. கொடுப்பதற்கு அவரிடம் மழை இல்லை, கேரியர் இல்லை, குடை நீட்டிய காவல்காரர் இல்லை. இருந்தது ஒன்றுதான், அது கதையில் சேருகிற சமாச்சாரமும் இல்லை.

"அன்னிக்குக் கடையிலதான் இருந்தேன்," என்றார், ஃப்ரிட்ஜுக்குள் பார்த்துக்கொண்டே. "ஒரு பழைய சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ் வந்திருந்துச்சு. ஐஸ் கட்டிக் கெடந்துச்சு. சுரண்டினேன்."

"எதால?"

"ஸ்க்ரூ டிரைவரால."

டார்ச் லேசாக ஆடியது.

"உஸ்ஸுன்னு போயிடுச்சு," என்றார். "மொத்த கேஸும்."

"நீங்களா?"

"நான்தான்."

"எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணு, பதினொண்ணரை இருக்கும்." அவளை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன நேரம் அது. மனைவி முந்தின நாளே சொல்லியிருந்தாள், சுவரைப் பார்த்துச் சொல்வது போல. "புதுக் காயில் போட்டுக் குடுத்தேன். உங்கம்மாகிட்டகூடச் சொல்லல."

பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரிக்க முடியவில்லை.

"உங்களுக்குப் பதிலா," என்றாள் மகள், "ஒரு ஃப்ரிட்ஜ் கதவை வேலைக்கு வெச்சிருக்கலாம்."

அவர் முதுகு குலுங்கியது. இந்த முறை, சிரிக்கலாமா என்று ஒரு தடவை அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் சிரித்தார். கண்ணைச் சட்டைத் தோளில் துடைத்தார். கையெல்லாம் பிசுக்கு.

பிறகு ஃப்ரிட்ஜைச் சுற்றிப் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். ஒன்றுமே கெடாத ஒரு இயந்திரத்தை அவ்வளவு கவனமாக அவர் அதுவரை சோதித்ததில்லை. தலையை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"ரிலே போயிருக்கும் போல."

"எனக்கும் ரிலேன்னுதான் தோணுச்சு," என்றாள் அவள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

"இன்னிக்குக் கிடைக்காது. நாளைக்குத்தான் வாங்கிட்டு வரணும்."

"நாளைக்கே வாங்க. லீவுதான்." எழுந்து பாலைப் பாத்திரத்தில் ஊற்றி, கெட்டுப்போகாமல் இருக்க அடுப்பில் வைத்தாள். "சரியான ரிலே பாத்து வாங்குங்க. ரெண்டு மூணு தடவை அலையறாப்ல ஆயிடப் போகுது."

"ஆகும்," என்றார் அவர். "பழைய மாடல்."

மூடியின் முதல் ஸ்க்ரூ கழன்று விரலுக்கு வந்தது. எங்கே வைப்பது என்று அவர் தரையைத் தேடுவதற்குள், பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தவளின் உள்ளங்கை நீண்டிருந்தது. அதில் போட்டார். அடுத்ததையும் போட்டார். அடுப்பில் பால் பொங்கத் தொடங்கும் மணம் வந்தது. திறந்து கிடந்த கதவுக்குள் அந்தச் சின்ன மஞ்சள் விளக்கு, காலி அடுக்குகளின்மேலும் அவள் கையிலிருந்த ஸ்க்ரூக்களின்மேலும் எரிந்துகொண்டிருந்தது. குமிழ் பூஜ்யத்திலேயே இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.